ஐயாக்கண்ணு வீட்டு இரண்டாம் திரை

பெண்களுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்த வீடு என்று சேர்வராயன் மலையில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், மஞ்சக்குட்டை போகிற சாலையில் பச்சைக் கேட் போட்ட ஐயாக்கண்ணுவின் வீட்டைத்தான் சொல்ல வேண்டும். கொடுத்த சுதந்திரம் தப்பித்தவறி வெளியே போய்விடக் கூடாதே என்று அந்தக் கேட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார். பொறுப்புள்ள மனிதர்.

ஐயாக்கண்ணு ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உண்மையில் ஓய்வு பெற்றது அந்த அலுவலகம்தான். அவர் வீட்டில் தொடர்ந்து பணியாற்றிக்கொண்டிருந்தார். காலை தோசைக்கு என்ன சட்னி என்பதுகூட அங்கே 'உரிய பரிசீலனை'க்குப் பிறகுதான் ஆணையாகும். மனைவி பாப்பாத்தி அந்த ஆணையைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு, உள்ளே போய்த் தனக்குப் பிடித்த சட்னியை அரைப்பார். நிர்வாகம் சுமுகமாக நடந்தது.

ஒரே மகள் சிவரஞ்சனி பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்த்தாள். பார்த்தது ஏற்காட்டு வீட்டு மாடியறையிலிருந்து. கொரோனா காலத்தில் அந்த அறையில் உட்கார்ந்து தொடங்கிய வேலை. ஊரெல்லாம் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்த பிறகும் அவளை மாடியிலிருந்து இறக்க ஐயாக்கண்ணுவுக்கு மனம் வரவில்லை.

"என்ற புள்ளைக்கு நான் எந்தத் தடையும் போட்டதில்லீங்க," என்று ஒண்டிக்கடை சந்திப்பில் இருக்கிற டீக்கடையில் அடிக்கடி அறிவிப்பார். "ஏரி வரைக்கும் தாராளமா போயிட்டு வரலாம். அவங்கம்மா கூடப் போவா, அவ்வளவுதான்."

இப்படிப்பட்ட நல்லாட்சிக்குத்தான் சோதனை வந்தது. ஒருநாள் சிவரஞ்சனி கீழே இறங்கி வந்து, "அப்பா, இங்க நெட்டு சரியில்லைன்னா பெங்களூர் ஆபீசுக்கே வந்துரச் சொல்றாங்கப்பா," என்றாள். குரங்குகள் கேபிளில் ஊஞ்சலாடுகிற ஊர் இது. ஐயாக்கண்ணு யோசித்து, இன்னொரு கம்பெனியில் இரண்டாவது இணைப்பும் வாங்கிவிட்டார். ஒரு குரங்கு ஒரே நேரத்தில் இரண்டு கேபிளில் ஆட முடியாது என்பது அவருடைய கணிப்பு. அடுத்து, கரண்ட் போனால் வரச் சொல்கிறார்கள் என்றாள். இன்வெர்ட்டர் வந்து இறங்கியது. அதற்கடுத்து, சத்தம் கேட்டால் வரச் சொல்கிறார்கள் என்றாள். மீட்டிங் நடக்கும்போது வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று வாய்மொழிச் சுற்றறிக்கை பிறந்தது. பாப்பாத்தி பருப்பைச் சட்டியில் போட்டு, ஏசிக்கொண்டே வேகவைத்தார். ஏச்சு மாடி வரைக்கும் கேட்காது என்பதால் அதற்கு மட்டும் விலக்கு.

ஒவ்வொரு தடவை சிக்கல் தீர்ந்தபோதும் மகளின் முகம் ஏனோ வாடிப்போனது. இந்தக் கம்பெனிக்காரன் குழந்தையை இப்படிப் போட்டுப் படுத்துகிறானே என்று ஐயாக்கண்ணுவுக்கு வயிறு எரிந்தது.

போன மாதம் நாலாவது சோதனை வந்தது.

"புது விதிங்கப்பா. ஊட்டுல இருந்து வேலை செய்யறவங்க ரெண்டு திரை வெச்சிருக்கோணுமாம். லேப்டாப் பக்கத்துலயே பெரிய மானிட்டர் ஒண்ணு. இல்லாட்டி பெங்களூர்தானாம்."

"அவ்வளவுதானா?"

"எதுக்குங்கப்பா வீண் செலவு? நான் பேசாம பெங்களூரே போயிடறனே."

'வீண் செலவு' என்ற சொல்லைக் கேட்டதும் ஐயாக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார். பெங்களூர் என்ற சொல் அவர் காதில் விழவில்லை. "செலவே இல்லாம முடிக்கறேன் பாரு, கண்ணு," என்றார்.

அவர் மனதில் அப்போது ஒளிவிட்டது ஒரு பழைய ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர். சிவரஞ்சனி கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. திரை, மூளை, ஸ்பீக்கர் எல்லாம் ஒரே உடம்பில். தன் பணிக்காலத்தில் இத்தனை பேர் வேலையை ஒற்றை ஆளாய்ச் செய்த ஊழியரை ஐயாக்கண்ணு கண்டதில்லை. பிற்காலத்தில் அதற்குக் கொஞ்சம் தளர்ச்சி வந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு, பல் துலக்கி, குளித்து, சாமி கும்பிட்டு வந்தால் அது எழுந்து உட்கார்ந்திருக்கும். பிறகு அதுவும் இல்லை. ஏற்காட்டு ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடாமல் இருக்க அதை அலமாரிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு குண்டு பல்பை அணையாமல் எரிய விட்டிருந்தார்கள். வேலை பார்த்த காலத்தில் தின்றதைவிட அது சும்மா இருந்த காலத்தில் தின்ற கரண்ட் அதிகம். அரசாங்கத்தில் இதற்கு ஓய்வூதியம் என்று பெயர்.

"இதையே மானிட்டரா மாத்திப்புடலாம்," என்று ஐயாக்கண்ணு அறிவித்தார். "மறுபயன்பாடு! ஒரு மானிட்டரை நாம வாங்காம விட்டா, இந்த பூமி எவ்வளவு மூச்சு விடும் தெரியுமா பாப்பாத்தி?"

"நீங்க அரை மணி நேரம் பேசாம இருந்தா நானும்தான் கொஞ்சம் மூச்சு விடுவேன்," என்றார் பாப்பாத்தி.

பூமிக்காக முதலில் ஒரு ஒயர் வாங்கப்பட்டது. அதன் ஒரு முனையை லேப்டாப்பிலும் மறுமுனையை ஆல்-இன்-ஒன்னிலும் சொருகி, நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார் ஐயாக்கண்ணு. திரையில் அவர் முகம்தான் தெரிந்தது. நிறைய நேரம் பார்த்துவிட்டு, ஒண்டிக்கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஜாபெஸைக் கூட்டிவந்தார்.

ஜாபெஸ் குனிந்து பார்த்தான். "சார், இது வெளிய அனுப்பற ஓட்டைங்க. உள்ள வாங்கிக்காது. லேப்டாப்பும் பேசுது, இதுவும் பேசுது. கேக்கறதுக்குத்தான் ஆளில்லை."

காப்பியை நீட்டிக்கொண்டிருந்த பாப்பாத்தி, "அப்ப இது சுத்தமா நம்மூட்டு மிசினுதான்," என்றார்.

"வழி சொல்லு தம்பி."

"மூளையைக் கழட்டிப்புடலாமுங்க. மூஞ்சியை மட்டும் வெச்சுக்கிட்டு, பின்னால ஒரு கன்ட்ரோலர் போர்டை மாட்டிட்டா, லேப்டாப் சொல்றதை அப்படியே காட்டும். சொந்தமா எதுவும் யோசிக்காது."

ஐயாக்கண்ணு நெகிழ்ந்துபோனார். "அதுதான் தம்பி சேவை! நானும் அப்படித்தான் சர்வீசை முடிச்சேன்."

ஜாபெஸ் படியிறங்கும்போது சிவரஞ்சனி அவனை மறித்தாள். "அண்ணா, இது நடக்குமுங்களா?"

"கண்டிப்பா நடக்குமுங்க."

"நடக்காமப் போறதுக்கும் வாய்ப்பு இருக்குதில்லீங்களா? பழைய திரை, டப்புனு வெடிக்கறது, அந்த மாதிரி?"

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஐயாக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டை விட்டுப் போக வேண்டி வந்துவிடுமோ என்று குழந்தை எப்படித் தவிக்கிறது! "பயப்படாதே சாமி," என்று குரல் கொடுத்தார். "அப்பா இருக்கேன். உன்னை எங்கயும் போக உடமாட்டேன்."

சிவரஞ்சனி மாடியேறிப் போனாள்.

போர்டு பஸ்ஸில் மலையேறி வந்தது. ஜாபெஸ் முதுகைத் திறந்து மூளையை எடுத்தான். போர்டை மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் திரை முழுக்கச் சீன எழுத்தாக வந்தது. வெளிநாட்டுத் தொடர்பு ஏற்பட்டதில் ஐயாக்கண்ணுவுக்குப் பெருமை. அடுத்து படம் வந்தது, ஆனால் மனிதர்களெல்லாம் பச்சையாக இருந்தார்கள். சுற்றுச்சூழலுக்கு உகந்ததுதானே, இப்படியே விட்டுவிடலாம் என்றார். ஜாபெஸ்தான் மனசு கேட்காமல் சரிசெய்தான். போர்டு உள்ளே அடங்காததால் முதுகு மூடவில்லை. பழைய காலண்டர் அட்டையை வைத்து மறைத்தார்கள். பொத்தான்கள் ஒயரில் தொங்கின. அவற்றைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினார்கள். ஆகிற செலவுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கியிருக்கலாமே என்று ஜாபெஸ் வாய்தவறிச் சொல்லிவிட்டான். பூமியின் மேல் அக்கறை இல்லாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று ஐயாக்கண்ணு அவனை மன்னித்தார்.

'திறப்பு விழா' வெள்ளிக்கிழமை. மேல்வீட்டு தேவசிகாமணி சிறப்பு விருந்தினர். தேங்காய் உடைத்து, திரையின் நட்டநடுவில் ஐயாக்கண்ணு சந்தனப் பொட்டு வைத்தார். அந்த நேரத்தில் சிவரஞ்சனிக்கு மேலாளரோடு மீட்டிங்.

"அப்பா, எல்லாரும் கீழ போங்கப்பா. நான் பேசிக்கறேன்."

"ஒரே ஒரு நன்றியுரை, கண்ணு. விதியை நிறைவேத்திட்டோம்னு முறைப்படி தெரிவிக்கோணுமில்ல?"

"வேண்டாங்கப்பா. நெசமாலுமே வேண்டாம்," என்று அவள் கையைப் பிடித்தாள். தகப்பனை மேடையேற்றக் கூச்சப்படுகிற அடக்கமான பெண் என்று ஐயாக்கண்ணு அந்தக் கையைத் தட்டிக்கொடுத்து விலக்கினார்.

பெரிய திரையில் மேலாளர் லோகேஷ் தோன்றினார். ஆத்தூர்க்காரர். பொட்டு சரியாக அவர் மூக்கின் மேல் அமைந்தது. ஐயாக்கண்ணு துண்டைச் சரிசெய்துகொண்டு காமிராவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"வணக்கமுங்க. நான் சிவரஞ்சனியோட தகப்பன். தங்கள் நிறுவனத்தோட இரண்டு திரை விதி எந்தக் குறையுமில்லாம நிறைவேத்தப்பட்டாச்சு. இனி அவளைப் பெங்களூர் கூப்பிட முகாந்திரம் எதுவும் இல்லைங்கறதைத் தாழ்மையோட தெரிவிச்சுக்கறேன்."

லோகேஷ் விழித்தார். "எந்த விதிங்க? ரெண்டு திரைன்னு எங்ககிட்ட விதியே இல்லீங்களே."

"இல்லீங்களா? அப்ப நெட்டு?"

"இல்லீங்க."

"கரண்டு? குக்கரு?"

"குக்கருங்களா?" லோகேஷ் சிரித்துவிட்டார். "சார், நாங்க யாரையும் வரச் சொல்லவே இல்லீங்க. உங்க பொண்ணுதான் இங்க வர்றேன்னு கேட்டுட்டே இருக்காங்க. புது டீமுக்கு அவங்களைத்தான் லீடா போட்டு வெச்சிருக்கேன். இந்தத் திங்கக்கிழமை வந்து சேரலைன்னா இடம் வேற ஆளுக்குப் போயிரும். ஊட்டுல சொல்லிட்டீங்கதானே சிவரஞ்சனி?"

ஸ்பீக்கர் பழையதானாலும் குரல் கணீரென்று வந்தது. தேவசிகாமணி உத்தரத்தை ஆராயத் தொடங்கினார். ஜாபெஸ் ஸ்குரூ டிரைவர்களைப் பையில் போட்டான். "எனக்கு அந்தக் குக்கர்லயே சந்தேகம்," என்றார் பாப்பாத்தி.

சிவரஞ்சனி மெதுவாக எழுந்து அப்பாவைத் தாண்டிக் காமிராவுக்கு முன்னால் வந்தாள். "இப்பச் சொல்லிட்டேங்க சார். திங்கக்கிழமை அங்க இருப்பேன்," என்றாள். லேப்டாப்பை மூடினாள். அந்த வீட்டில் பரிசீலனைக்குப் போகாமலே நிறைவேறிய முதல் தீர்மானம் அது.

ஐயாக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தார். ஊர் முன்னால் அவமானப்பட்டது பெரிதாகத் தெரியவில்லை. தன் பெண் தன்னிடம் இத்தனை நாள் பொய் சொல்லியிருக்கிறாள் என்பதுதான் அவரைக் குடைந்தது. அதுவும் இவ்வளவு சுதந்திரம் கொடுத்த தகப்பனிடம்!

"ஏங்கண்ணு, நெட்டுன்ன, கரண்டுன்ன, திரைன்ன. பெங்களூர் போகோணும்னு எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? இந்த ஊட்டுல உனக்கு எதைச் சொல்லத்தான் சுதந்திரம் இல்ல?"

சிவரஞ்சனி அவர் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். "சொல்லியிருந்தா நீங்க என்னங்கப்பா சொல்லியிருப்பீங்க?"

ஐயாக்கண்ணு பணிக்காலம் முழுவதும் கறைபடியாத கைக்குச் சொந்தக்காரர். வாய்க்கும் அப்படியே, பொய் அவருக்கு வராது.

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். "வேறென்ன சொல்லுவேன், கண்ணு?"