அந்தோணியார் மூக்கு போன விவரம்

மூவார்,
வியாழக்கிழமை, மழை விட்ட பிற்பகல்

பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை, புது வீடு, முன்தொப்பை மூன்றும் குறைவில்லாமல் பெற்று வாழும் அன்பு மச்சான் பிரெட்ரிக்குக்கு, உன் அக்கா புருஷன் அமலதாஸ் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா ஐலீன், மகள் மெலிசா மூவரும் ஆண்டவர் புண்ணியத்தில் முழுசாக இருக்கிறோம். முழுசாக இல்லாதவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம்தான். "நீங்க பேசினா நடுவுல சிரிச்சுடுவீங்க, அவன் அங்க அழுவான். எழுதுங்க" என்று உன் அக்கா உத்தரவு. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் மெலிசாவைத் திட்டு, அவள்தான் திருத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஃபாதர் வந்து உன் வீட்டை மந்திரிக்கப் போகிறார். வாசல் மாடத்தில் மண்ணால் செய்த அந்தோணியார் நிற்க வேண்டும் என்பது போன வருடம் கண்ணை மூடிய உங்கப்பாவின் ஆசை. பாவம் மனுஷர், வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கு வரும், அப்புறம்தான் அவர் வருவார்; அந்த மூக்கு உன் புது வீட்டுக்குள் நுழையக் கொடுத்துவைக்கவில்லை. அவர் கேட்ட சொரூபத்தை ஆயர் ஈத்தாம் ஊரில் சொல்லிச் செய்து வாங்கி வரும் பொறுப்பை, குடும்பத்தில் இத்தனை பேர் இருக்க, என்னிடம் கொடுத்தாய். அது உன் தப்பு.

நேற்று லீவு போட்டு, வேலை செய்கிற நாற்காலிக் கடை வேனையே ஞாயிறு வரைக்கும் இரவல் வாங்கிப் போனோம். மண்பானைக் கடை நடத்தும் சீனத் தவுக்கே இரண்டடி உயரத்தில் அழகாகத்தான் செய்திருந்தார். மரியாதைக்குரியவர் என்று முன்சீட்டைக் கொடுத்து, உன் அக்காவும் மெலிசாவும் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் கயிற்றை எடுத்தேன். "ஆட்டைக் கட்டுற மாதிரி கட்டுவீங்களா? புனிதருங்க அவரு!" என்றாள் உன் அக்கா. சரி, பெல்ட்டாவது மாட்டலாம் என்றால், "ஏன், விலங்கும் மாட்டுங்களேன்!" பள்ளி விடுமுறையிலும் பிசிக்ஸ் புத்தகத்தோடு வந்த மெலிசா சொன்னாள்: "ம்மா, வண்டி நின்னா அவரு நிக்க மாட்டாரு. ஓடுறது ஓடிக்கிட்டேதான் இருக்கும், ஏதாச்சும் புடிச்சு நிறுத்துற வரைக்கும். அந்த சீட்டு வழுக்கும், புடிக்காது. நியூட்டன் சொல்லியிருக்காரு." (வேன் வாங்கி மூன்று வருஷம் ஆகியும் என் முதலாளி சீட்டு பிளாஸ்டிக்கைக் கழற்றவில்லை. கழற்றினால் வேன் பழசாகிவிடுமாம்.) உன் அக்கா திரும்பிக் கேட்டாள்: "அந்த நியூட்டன் எந்தப் பங்குக் கோயிலுடி?"

பாரிட் சூலோங் தாண்டி, செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் உடும்பு, தோட்டமே தன் பேரில் இருப்பது போல ரோட்டில் இறங்கி நடந்தது. மிதித்தேன் பிரேக்கை. வேன் நின்றது, நான் நின்றேன், பெல்ட் போட்டிருந்த இரண்டு பெண்களும் நின்றார்கள், உடும்புகூட நின்று பார்த்தது. அந்தோணியார் மட்டும் நியூட்டன் சொல்படி கேட்டுப் போய்க்கொண்டே இருந்தார். டம்! "அலமாக்! அந்தோணியாரே!" என்று அலறினாள் உன் அக்கா. தூக்கிப் பார்த்தால் மூக்கு இல்லை. டேஷ்போர்டிலும் ஒரு விரிசல். "மோதினது அவரு, அது ஏன் உடைஞ்சிச்சு?" என்று கேட்டேன். "அவரு அடிச்ச அளவுக்கு அதுவும் திருப்பி அடிச்சிருக்குப்பா. ரெண்டுக்கும் ஒரே அடி. இவரு மண்ணு, அதான் மூக்கு போச்சு" என்றாள் மெலிசா. எனக்கு உடனே புரிந்துவிட்டது மச்சான். உன் அக்காவோடு இருபது வருஷம் வாழ்ந்தவன். அடி இரண்டு பக்கமும் சமம்தான், உடைகிறவன் நான்.

சீட்டுக்கு அடியில், மிதியடிக்கு அடியில், எங்கே தேடியும் மூக்கு இல்லை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே என்று, அவர் மூக்கை அவரிடமே கேட்டு மூவரும் ஜெபித்தோம். கிளம்பலாம் என்றால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ள வேண்டும். "எடை குறைஞ்சா அதே தள்ளுக்கு வேகம் சீக்கிரம் புடிக்கும்ப்பா" என்றாள் மெலிசா. உன் அக்காவை இறங்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். மூவார் வரை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து, மரச்சாமானில் ஓட்டை அடைக்கிற பட்டியைப் பிசைந்து மூக்கு வைத்தேன். என் கை நாற்காலிக் காலுக்குப் பழகின கை. நடுவில் ஒரு மேடு, நுனியில் ஒரு வளைவு என்று அது தன் இஷ்டத்துக்கு வந்தது. காய்ந்து கல்லாகவும் ஆகிவிட்டது. தேநீர் கொண்டுவந்த உன் அக்கா அதைப் பார்த்தாள், கிளாஸை வைத்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபம்தான் என்று புரிந்துகொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். சூளையில் ஒன்று வெடித்தால் இருக்கட்டும் என்று தவுக்கே இரண்டாகச் சுட்டிருக்கிறார். நாளைக்கே போய் அந்த இன்னொருவரை வாங்கி வருகிறேன். கயிறும் கட்டுவேன், பெல்ட்டும் மாட்டுவேன். இந்த மூக்குக்காரர் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். உங்கப்பா ஆசையில் கை வைத்ததற்கு மன்னித்துவிடு மச்சான்.

புது வீட்டில் கூரை ஒழுகாமலும், உன் தொப்பை மேலும் பெருகாமலும் புனிதர் காக்கட்டும். கடிதத்தை நாளை அந்தப் பக்கம் வரும் லோரிக்காரர் செல்வா கொண்டுவருவார்.

இப்படிக்கு,
அமலதாஸ்

பி.கு: மேலே எழுதின முடிவை அடித்துவிடு. மூக்கு கிடைத்துவிட்டது! என் கால்சட்டை மடிப்புக்குள் இருந்திருக்கிறது. துவைக்கப் போட எடுத்தபோது விழுந்தது. பட்டியைச் செதுக்கிவிட்டு ஒட்டலாம் என்று உளியோடு ஓடினால், உன் அக்கா சொரூபத்தின் முன் நின்று மூக்கைத் தடவிக்கொண்டிருக்கிறாள். "உளிய கீழ வைங்க. அப்பா மூக்கு. பாக்கலையா நீங்க?" பார்த்தேன். அதே மேடு, அதே வளைவு. மெலிசாவும் வந்து, "தாத்தா!" என்றாள். ஆகவே புதுசு வாங்கப் போவதில்லை. இவரேதான் சனிக்கிழமை எங்களோடு வருகிறார். "அப்பா எப்பவும் முன்சீட்டுலதான்" என்று உன் அக்கா இப்போதே வேனுக்குப் போய் வழுக்கும் சீட்டு பிளாஸ்டிக்கைக் கிழித்துவிட்டாள், பெல்ட்டும் அவளே மாட்டுவாளாம். முதலாளிக்கு நான் என்ன சொல்வேனோ. அசல் மூக்கைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன், வேண்டுமானால் வைத்துக்கொள். ஒன்று மட்டும் மச்சான்: பிரிட்ஜில் இருக்கும் பீர் டின்களை நாங்கள் வருவதற்குள் எடுத்துவிடு. உங்கப்பா இனிமேல் வாசலிலேயே நிற்கப் போகிறார்.