மனுவைப் பங்குபோட்ட கதை

விளங்காத விஷயத்துக்கும் விளங்கின மாதிரித் தலையாட்டுவது எனக்குப் பிறவிக் குணம் (பெஞ்சாதி இதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கண்டுபிடித்தாள்).

அப்போது நான் கண்டக்குழி மீனவர் சங்கத்தின் செயலாளர். என் கூடப்பிறந்த ராத்தாவின் மாப்பிள்ளை நஸீர் மச்சானின் வலையை இழுவைப் படகுகள் மூன்றாம் தரமும் அறுத்துவிட்டிருந்தன. இன்னொரு தரம் அறுந்தால் கடலை விட்டுவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போவதுதான் அவருக்கு மிச்சம். ராத்தா அழுதுகொண்டே இருந்தா.

அந்த நேரம் பார்த்து மீனவர் குறை கேட்க இரண்டு பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஒருவர் அயல்நாடுகள் சேர்ந்து நடத்தும் பிராந்திய அமைப்பு. மற்றவர் உலக அமைப்பு. எது எதற்கு மேலே என்று கேட்டேன். பிராந்தியம் உலகத்துக்குள் அடக்கமாம், ஆனால் உலகம் பிராந்தியத்தின் ஊடாகத்தான் இயங்குமாம். ஓம், ஓம் என்றேன். ஒரு இழவும் விளங்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்குச் சஹன் வைத்தோம். ஆறு பேர் ஒரே தாலத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். சாப்பிட்டு முடிந்ததும் இழுவைப் படகுகளைத் தடுக்கச் சொல்லி ஊரார் கையெழுத்திட்ட மனுவை நீட்டினேன். பிராந்தியக்காரர், இது உலக அமைப்புக்கு உரியது என்று தள்ளினார். உலகக்காரர், பிராந்தியம்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று திருப்பித் தள்ளினார். மனு நாலு தரம் போய் வந்தது.

எனக்கு அது மரியாதையாகத்தான் பட்டது. சஹனில் கடைசி இறைச்சித் துண்டை எவரும் தொடமாட்டார்கள். "நீங்க எடுங்க, நீங்க எடுங்க" என்றுதான் இருப்பார்கள். அப்போது விருந்து கொடுப்பவன் துண்டை இரண்டாகப் பிய்த்து ஆளுக்கொரு பாதி வைக்கவேண்டும். நானும் மனுவை நடுவால் கிழித்து ஆளுக்கொரு பாதி கொடுத்தேன். இருவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். நஸீர் மச்சான் மட்டும் வாயைத் திறந்தபடி இருந்தார்.

ஆறு மாதம் கழித்து இரண்டு பதில் வந்தது. முறைப்பாடு கிடைத்தது, கையெழுத்து இல்லாததால் ஏற்கமுடியாது என்று பிராந்தியம் எழுதியிருந்தது. கையெழுத்துகள் கிடைத்தன, என்ன முறைப்பாடு என்று விளங்கவில்லை என்று உலகம் எழுதியிருந்தது. அதற்குள் வலை நாலாம் தரமும் அறுந்துபோயிருந்தது. என் மடத்தனத்தை நினைத்து ராவுராவாகக் கூசினேன்.

மச்சான் இப்போது கட்டாரில். போகுமுன் அந்த இரண்டு கடிதங்களையும் ஒட்டி, சட்டம் போட்டு, தன் வீட்டு முன்னறையில் மாட்டிவிட்டுப் போனார். வருகிறவர்கள் எல்லாம் அது என்ன என்று கேட்பார்கள். ராத்தா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொல்லுவா:

"அதா? உலகமும் பிராந்தியமும் ஒண்டா இரிக்கிற ஒரே இடம். எங்கட தம்பி செஞ்ச வேல."