சுருக்கி அனுப்பு, தாயி

பிரகதீஸ்வரி மவுஸில் வலது கிளிக் போட்டாள். திரையில் இருந்த போல்டர் மறுபடியும் காணாமல் போனது.

போனால் போகிறது என்று விட முடியாது. நாகராசு வீட்டுக் காதணி விழா பிளக்ஸ் அந்தப் போல்டருக்குள்தான் இருந்தது. விழாப் பிள்ளைக்கு அவர் மூத்த தாய்மாமன். நாளைக் காலையில் திருமயம் மண்டப வாசலில் பிளக்ஸ் நின்றாக வேண்டும். நின்றால், அவருடைய பங்காளி வீட்டு விசேஷமெல்லாம் அரிமளத்தில் புதிதாகத் திறந்திருக்கும் இவள் பிளக்ஸ் டிசைன் கடைக்கு வரும். இல்லையென்றால் எதிர்க் கடைக்குப் போய்விடும். அந்தக் கடைக்காரன் இவள் போர்டைப் பார்த்துத் தினமும் சிரித்துவிட்டுப் போகிறவன்.

மதியம்தான் மாதிரியை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. வீடு நிறைய ஆள் பேசும் இரைச்சலுக்கு நடுவில் நாகராசு அடிக்குரலில் சொன்னார்: "தாயி, ரொம்பப் பெருசா இருக்கு. கொஞ்சம் சுருக்கி அனுப்பு. நான் சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேணாம்."

போனில் இடமில்லை, அதைச் சொல்ல மனுஷன் வெட்கப்படுகிறார் என்று இவளாகவே முடிவு கட்டினாள். பைலைச் சுருக்குவது என்ன பெரிய வித்தையா? இணையத்தில் தேடி, ஓசியில் கிடைத்த ஒரு மென்பொருளை இறக்கிப் போட்டாள். அதோடு சனியன் பிடித்தது. வலது கிளிக் போட்டால் போல்டர் பொசுக்கென்று மூடிக்கொண்டது.

ரீஸ்டார்ட் செய்தாள். ஒன்றும் மாறவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் அண்ணன் அரவிந்த்குமாரைக் கூப்பிட்டாள். அவன் மீட்டிங்கில் இருந்தபடியே கிசுகிசுத்தான். அது சொத்தையாக இருக்கும், இன்னொன்றைப் போட்டுப் பார் என்றான். போட்டாள். நல்ல முன்னேற்றம். இப்போது வலது கிளிக்கே தேவைப்படவில்லை, திறந்தாலே மூடிக்கொண்டது. வைரஸாக இருக்கலாம் என்று ஸ்கேன் போடச் சொன்னான். கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்ந்தது. கடைசியில் மொத்தமாக பார்மேட் பண்ணிவிடு என்றான். பிளக்ஸும் சேர்ந்து போய்விடுமே என்றாள். ஆமாம், போகும் என்றான். போனை வைத்துவிட்டாள்.

வைத்ததும் புதுக்கோட்டை பிரிண்டிங் கடை செல்லமுத்து கூப்பிட்டார். "அனுப்புறியா, மிஷின ஆப் பண்ணவா?"

பிரகதீஸ்வரிக்கு அழுகை முட்டியது. அதற்குப் பின்னாலேயே கோபம் வந்தது, கோபத்தில் மூளையும் வேலை செய்தது. மற்றதெல்லாம் ஓடுகிறது. போல்டர் மட்டும்தான் விழுகிறது. அதுவும் இந்த ஓசிச் சரக்கு வந்த பிறகுதான். அதன் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். வலது கிளிக் மெனுவில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள அதுவே ஒரு டிக் போட்டு வைத்திருந்தது. இரண்டாவதைத் திறந்தாள். அதுவும் அதே டிக். ஒரே இலைக்கு இரண்டு சம்பந்தி மல்லுக்கு நின்றால் பந்தி எப்படி நடக்கும்?

இரண்டு டிக்கையும் எடுத்தாள். அதோடு விடாமல் இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்து அடியோடு துரத்தினாள். ரீஸ்டார்ட். வலது கிளிக் போட்டாள்.

போல்டர் அசையாமல் நின்றது. இவள் நாற்காலியிலிருந்து குதித்த குதியில் பக்கத்து டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். விரிந்த மெனுவில், சுருக்குவதற்குக் கம்ப்யூட்டரோடு கூடவே வந்த வசதி ஆதியிலிருந்து உட்கார்ந்திருந்தது. அதற்காக வெட்கப்பட நேரமில்லை. பைலை ஜிப் போட்டுப் பாதியாகச் சுருக்கி நாகராசுக்கு அனுப்பி, பிரிண்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். கட்டைவிரல் வந்தது. செல்லமுத்துவின் மிஷின் ஓடியது.

காலையில் மண்டப வாசலில் பிளக்ஸ் கம்பீரமாக நின்றது. நடுவில் பிள்ளை, இரண்டு பக்கமும் கைகூப்பிய தாய்மாமன்கள், நாகராசும் அவர் தம்பி சேவுகனும். சேவுகனுக்கு வாயெல்லாம் பல். இனி நம்ம வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் உன் கடைதான் என்று ஊரே கேட்கச் சொல்லிவிட்டு, பிளக்ஸ் முன்னால் நின்று செல்பி எடுக்கப் போனார். பிரகதீஸ்வரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாகராசு மட்டும் முகம் கறுத்து நின்றார். அவரிடம் ஓடினாள். "பாதியாச் சுருக்கிட்டேண்ணே. ஆனா தரம் ஒரு புள்ளி கொறையல."

"அத எனக்குத் தொறக்கவே தெரியல. நீ செஞ்சிருப்பேன்னு நம்பித்தான் கட்டவெரலக் காட்டுனேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் மனைவி கௌசல்யா சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு இவள் காதருகே வந்தாள்.

"அவரு சுருக்கச் சொன்னது பைல இல்ல தாயி. அவரு தலையவிடப் பெருசா இருக்குற எங் கொழுந்தன் தலைய."