இருட்டு டீச்சரின் ஃபிலிம் ஃபேக்டரி

லென்ஸ் மூடியைக் கழற்றாமலேயே ஒரு முழு ரோலையும் எடுத்து முடித்தவன் நான். நான் வாங்கிய மீடியம் ஃபார்மட் கேமராவுக்கு இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் வழியாக நாம் பார்க்கிறோம். கீழ் லென்ஸ்தான் படம் பிடிக்கிறது; மூடி இருந்தது அதன்மேல். ஆகவே ஏற்காட்டு ஏரி, படகு, படகில் என் மனைவி எல்லாமே எனக்குப் பிரமாதமாகத் தெரிந்தன. ஃபிலிமுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

அந்த ரோலை டெவலப் செய்துகொடுத்தவர் இருட்டு டீச்சர். ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ஒரு கீறல் இல்ல, ஒரு கறை இல்ல. பிலிம்னா இப்படிப் பண்ணோணும் கண்ணு," என்றார். எடுத்தவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

சேர்வராயன் மலையில் இருட்டைச் சொந்தமாக வைத்திருந்த ஒரே மனுஷி அவர்தான். மிஷன் பள்ளியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒண்டிக்கடை முக்குக்கு மேலே அவர் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் கம்பளி. கரண்ட் போனால் ஊரே திட்டும். டீச்சர் வீட்டிலிருந்து மட்டும் கீர்த்தனை கேட்கும்.

ஃபிலிம் செத்துப்போயிற்று என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும். சின்னப் பிள்ளைகள் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், கடையில் ரோல்தான் இல்லை. வாங்க ஆள் இருக்கிறது, செய்யத்தான் ஆள் இல்லை என்பது அவர் கட்சி. அதனால் ஏற்காடு செய்யும். இங்கே குளிர் உண்டு, தூசி இல்லை, இருட்டு வேண்டிய மட்டும் இருக்கிறது. தன் குளியலறையிலேயே பிளாஸ்டிக் தாளில் ஜெலட்டினும் வெள்ளி உப்பும் பூசி ஃபிலிம் செய்யத் தொடங்கினார். குளியல் பக்கத்து வீட்டில்.

தலைவலி, ஃபிலிமின் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புக் காகிதத்தில் இருந்தது. சின்ன ஃபிலிமுக்கு டப்பா உண்டு; மீடியம் ஃபார்மட்டுக்கு வெளிச்சத்தைத் தடுக்க அந்தக் காகிதம் மட்டும்தான். எத்தனையாவது படம் என்று சொல்ல அதன்மேல் எண்களும் இருக்கவேண்டும். டீச்சர் வெள்ளை பெயிண்டில் தானே எழுதினார். ஆயுள் முழுக்க விடைத்தாள் திருத்திய கை. ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் ஒரு கோடு.

ஃபேக்டரிக்குக் குளியலறை போதாது. குப்பனூர் ரோட்டில் ஒரு எஸ்டேட்காரரிடம் காபி குடோன் ஒன்று சும்மா கிடந்தது. உங்கள் ஃபிலிமில் என் குடும்பத்தைப் படம் எடுங்கள், நன்றாக வந்தால் குடோன் உங்களுக்கு, இல்லாவிட்டால் இடித்துவிட்டு காட்டேஜ் கட்டுவேன் என்றார் அவர். கேட்டுப் பார்க்க டீச்சருக்கு வேறு குடோன் கிடையாது.

என் கேமராவில்தான் எடுத்தோம். வீட்டில் செய்த ஃபிலிம் சோம்பேறி. அது வெளிச்சத்தை வாங்கி முடிக்கும்வரை குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. நாய் மட்டும் ஒத்துழைக்காததால் அதற்கு மூன்று வால். பன்னிரண்டு படத்திலும் நட்டநடுவில் எஸ்டேட்காரர்.

பிரிண்ட் போட்டபோதுதான் தெரிந்தது. மலைப்பனியின் ஈரத்தில் பெயிண்டில் எழுதிய எண்கள் ஃபிலிமில் ஒட்டியிருந்தன. முதல் படத்தில் எஸ்டேட்காரர் நெற்றியில் ஒன்று, அடிக்கோடுடன். அடுத்ததில் இரண்டு. மனிதர் படத்துக்குப் படம் முன்னேறிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஏதாவது சொல்லித் தள்ளிப்போடலாம் என்று கெஞ்சினேன். டீச்சர் கேட்கவில்லை.

"சோதனையில வந்தத மறைக்கறதா? லேப்ல புள்ளைகளுக்கு அப்படியா சொல்லிக் குடுத்தன்?"

எஸ்டேட் பங்களாவில் படங்கள் கைமாறக் கைமாறக் குடும்பமே உதட்டைக் கடித்துக்கொண்டது. எஸ்டேட்காரர் எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். ஒரு காலத்தில் அவர் டீச்சரின் பிளஸ் டூ மாணவர்.

"ஏனுங்க டீச்சர், இன்னும் எனக்கு மார்க்குப் போடறீங்களா?" என்றார்.

"நம்பர உட்டுட்டு மீசையப் பாரு சாமி. ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது. பேப்பர்தான் தப்பு, பிலிம் தப்பில்ல. பேப்பர நான் மாத்திருவன்."

எஸ்டேட்காரர் நெற்றியில் பன்னிரண்டு விழுந்த கடைசிப் படத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். "உங்க கையால நான் வாங்குனதுலயே பெரிய மார்க்கு இதுதானுங்க. இத ஹால்ல மாட்டிக்கறன்," என்றார். குடோன் சாவியைக் கொண்டுவர ஆள் போனான்.

டீச்சர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, எஸ்டேட்காரர் நெற்றியை விரலால் ஒருமுறை துடைத்துவிட்டார். அங்கே ஒன்றும் இல்லை.

குடோனுக்கு ஓட்டுக் கூரை. கதவைச் சாத்தினால் பட்டப்பகலில் உள்ளே நட்சத்திரம் தெரிந்தது. மனைவி பரணில் அண்டா எடுக்கச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிற நான், ஓட்டைகளை அடைக்க டீச்சருக்காகத் தார் டப்பாவோடு அந்தக் கூரைமேல் ஒரு நாள் முழுக்கத் தவழ்ந்தேன். "இன்னுங் கொஞ்சம் கெழக்கால போ கண்ணு," என்று உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

ஃபிலிம் தொழிலின் எதிர்காலத்தையே தாங்கிப் பிடித்தவனைப் போல இறங்கிவந்தேன். குடோன் வாட்ச்மேன் ஒரு சுற்றுச் சுற்றிக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க அடச்சத விட மிதிச்சு ஒடச்சதுதானுங்க சாஸ்தி," என்றார்.