பல்புக்கு ஜோடி கிடையாது

ஒரு தகர டப்பா தொழிற்சாலையில் நாற்பத்து மூன்று பேர், வேலை நேரத்தில், நின்ற நிலையிலேயே, ஒன்பது நாளில் ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்தார்கள். கூட்டுகிற அம்மாவையும் சேர்த்துத்தான் நாற்பத்து மூன்று. சொன்னால் யாரும் நம்புவதில்லை. சொல்லிக்கொடுத்த ஸ்டோர்கீப்பர் அக்காவின் கணவரே நம்பவில்லை. அவரோ முப்பது வருஷமாக இங்கிலீஷ் வாத்தியார்.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு நட்டில்.

"அக்கா, அரை இன்ச் நட்டும் போல்ட்டும் குடுங்க" என்று ஸ்டோர் ஜன்னலில் கையை நீட்டினார் ஃபிட்டர்.

அக்கா நட்டை எடுக்க இடது கோடிக்குப் போனார். போல்ட்டை எடுக்க வலது கோடிக்குப் போனார். நடுவில் அறுபது அடி.

"என்னக்கா, ரெண்டும் ஒரே டப்பாவுலதானே கிடந்துச்சு?"

"கிடந்துச்சு. இப்ப பிரிச்சாச்சு."

"அடப்பாவமே! இருபது வருஷம் ஒண்ணா குடித்தனம் பண்ணுச்சுங்களே!"

பிரிக்கச் சொன்னது மேனேஜர் மேடம். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அக்கா, ஸ்டோர் குப்பையா கிடக்கு. ஒரே மாதிரி இருக்கறதெல்லாம் ஒரே இடத்துல வரணும். எல்லாம் இங்கிலீஷ்ல. யார் வந்தாலும் கண்ணை மூடிட்டு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு மூன்று நாள் விடுமுறையில் போய்விட்டார்.

அந்த மூன்று நாளும் அக்கா தனி ஆளாக நாலாயிரத்து அறுநூறு சாமான்களைத் தூக்கி, துடைத்து, அடுக்கினார். ரிங், ஸ்லிங், ஸ்ப்ரிங், ஸ்ட்ரிங் ஒரு ரேக்கில். பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஃபெல்ட். டயரோடு ப்ளையரும் வயரும். ஒரே மாதிரி முடிகிற வார்த்தை, ஒரே குடும்பம்.

அக்காவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், சாமான் சுற்றுவதற்கு வந்த பழைய காகிதக் கட்டில் அட்டையில்லாத புத்தகம் ஒன்று கிடந்தது. ரைம் வார்த்தைகளும் அவற்றின் அர்த்தமும். இங்கிலீஷில் சொற்கள் எல்லாம் இப்படிக் கூட்டுக் குடும்பமாகத்தான் வாழும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து அத்தனையையும் நெட்டுருப் போட்டுவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. விட்டால் வாத்தியார் திருத்துவார்.

ஆனால் ஒரு சிக்கல். ஸ்ப்ரிங் வேண்டுமென்றால் அக்காவால் நேராக ஸ்ப்ரிங்குக்குப் போக முடியாது. பாதியிலிருந்து வாய்ப்பாடு சொல்லத் தெரியாதவர்களைப்போல, "ப்ரிங், க்ளிங், ஃப்ளிங், ரிங், ஸ்லிங்..." என்று முதலிலிருந்து வந்தால்தான் கால் அந்த ரேக்குக்கு நடக்கும். ஒரு வாஷர் வாங்க வந்த மேஸ்திரிக்கு வரிசையில் நின்றே தாடி ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டது.

"அக்கா, அங்க ப்ரெஸ் மெஷின் நிக்குது!" என்று கத்தினார் மேஸ்திரி.

வரிசையைக் குறைக்க அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு அட்டை எழுதி, வெளியே தெரிகிற மாதிரி ஜன்னலைச் சுற்றி ஒட்டினார். வார்த்தை, அதன் குடும்பம், தமிழில் அர்த்தம். பார்த்துவிட்டுச் சட்டென்று கேட்பார்கள் என்று நினைத்தார்.

வந்தவர்கள் படிக்க ஆரம்பித்தார்கள். சாமான் வேண்டாதவர்களும் வந்து படித்தார்கள்.

"ஃப்ளிங்னா தூக்கி எறியறதாம். ஸ்டிங்னா கொட்டறதாம்" என்றார் பெயின்ட் அடிக்கிறவர்.

"நம்ம மேஸ்திரி தினமும் பண்றாரே, அதுக்குப் பேரு ஸ்டிங்கா?" என்றார் ஃபிட்டர்.

"டேய், இப்ப நான் ஃப்ளிங் பண்ணப் போறேன் பாரு!" என்றார் மேஸ்திரி.

அட்டை ஒட்டிய மூன்றாம் நாள் வரிசை கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. தெருவில் போன ஒருவர் என்னவோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று எண்ணிச் சேர்ந்துகொண்டு, மதியம் வரை நின்று, பதினாறு வார்த்தைகளோடு வீட்டுக்குப் போனாராம்.

மேடம் வந்து அட்டைகளை எல்லாம் கிழிக்கச் சொன்னார். அக்கா கிழித்தார். அதற்குப் பதில் இன்னொரு வழி செய்தார். வரிசையில் நிற்கும்போதே அவரவர் தேவையான குடும்பத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்துவிட வேண்டும். ஜன்னலுக்கு வரும்போது சாமான் பெயரில் வந்து நிற்கும். அக்காவின் காலும் தானாக நடக்கும்.

நேரம் மிச்சமானது உண்மை. ஆனால் பழக்கம் விடவில்லை. ப்ரெஸ் மெஷின் 'டங்' என்று இறங்கும்போதெல்லாம் ஓட்டுகிறவர் ஒரு வார்த்தை சொன்னார். எதிர் மெஷின்காரர் அடுத்ததைச் சொன்னார். ஐந்தாம் நாள் முதலாளி ஃபோனில் கூப்பிட்டபோது, மேடத்தின் குரலுக்குப் பின்னால் நாற்பத்து மூன்று பேரும் ஒரே குரலில் ரைம் சொல்வது அவர் காதில் விழுந்தது.

"அங்க என்ன, டப்பா செய்யறீங்களா, பள்ளிக்கூடம் நடத்தறீங்களா?" என்றார் முதலாளி.

மேடம் நேராக ஸ்டோருக்கு வந்தார்.

"இன்னும் நாலு நாள் தரேன் அக்கா. ஒன்பதாம் நாள் பரீட்சை. நீங்க வெளியில நிக்கணும். கூப்பிடற ஆள் உள்ள போய் ஒரு நிமிஷத்துல சாமானை எடுத்துட்டு வரணும். ஒருத்தர் முழிச்சாலும் சாவியைக் குடுத்துட்டு பேக்கிங்குக்குப் போயிடுங்க."

இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சாவிக்கொத்து அக்காவின் இடுப்பில் இருக்கிறது. அது இல்லாமல் நடந்தால் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார்.

"பரீட்சை யார் மேடம் வைப்பாங்க?"

"உங்க வீட்டுக்காரர் இங்கிலீஷ் வாத்தியாராமே? அவரையே வரச் சொல்லிட்டேன்."

அக்காவுக்குப் பேக்கிங்கே தேவலை என்று தோன்றியது.

அன்று வீட்டில் வாத்தியார் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "ரைம் பார்த்தா அடுக்கினே? அது பச்சப் புள்ளைங்க கை தட்டிப் பாடறதாச்சே!"

"அவங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் வந்துடுச்சுங்க."

"எத்தனை நாள்ல?"

"அஞ்சு நாள்ல."

வாத்தியார் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. "பெஞ்சுல உக்கார வெச்சு வருஷக்கணக்கா நான் சொல்லிக் குடுத்தே வராதது, உன் ஜன்னல்ல நின்னா வந்துடுமா? நடக்கவே நடக்காது. விடு, பேக்கிங்ல ஃபேன் இருக்காம்."

ஒன்பதாம் நாள் வாத்தியார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பையில் சிவப்புப் பேனா மூன்று. ஃபெயில் மார்க் நிறையப் போட வேண்டியிருக்கும் என்கிற முன்னேற்பாடு. நாற்பத்து மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். அக்கா வெளியே நின்று சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கேஸ்கெட்" என்றார் வாத்தியார்.

மேஸ்திரி முன்னால் வந்தார். "பாஸ்கெட்னா கூடை. காஸ்கெட்னா சவப்பெட்டி. கேஸ்கெட் அந்தக் கூடைக்குள்ள இருக்கு." உள்ளே போய்க் கொண்டுவந்து நீட்டினார். "சவப்பெட்டி ஸ்டாக் இல்லீங்க வாத்தியாரே."

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். பதினான்கு வினாடி.

"ரெஞ்ச்."

"பெஞ்ச், க்வெஞ்ச், ட்ரெஞ்ச், ரெஞ்ச்" என்றபடி உள்ளே போனார் ஃபிட்டர். "பெஞ்சுக்கு மேல ரெஞ்ச். பக்கத்துல தண்ணி டிரம்."

"தண்ணி எதுக்கு அங்க?"

"க்வெஞ்ச்னா தாகம் தணிக்கறது சார். குடிக்கிறீங்களா? வேர்க்குது உங்களுக்கு."

வாத்தியார் குடித்தார். பிறகு ஒருவர் விடாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர்கள் சாமானையும் கொண்டுவந்தார்கள், வார்த்தையின் ஏழு தலைமுறையையும் சொன்னார்கள். சிவப்புப் பேனாவின் மூடி திறக்கவே இல்லை. கடைசியில் மிஞ்சியது கூட்டுகிற அம்மா. பள்ளிக்கூடத்தை அவர் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார்.

வாத்தியாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவரும் படித்தவர்தானே? எதனோடும் ரைம் ஆகாத வார்த்தை ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். குடும்பமே இல்லாததை எந்த ரேக்கில் தேடுவார்கள்?

"பல்ப்!" என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மேடம் சாவிக்காகக் கையை நீட்டத் தயாரானார்.

அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். ஜன்னல் ஓரத்தில் தனியாக இருந்த அலமாரியைத் திறந்து பல்ப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஒன்பது வினாடி" என்றார் மேடம்.

"இ... இது எப்படிம்மா தெரியும் உங்களுக்கு?" என்றார் வாத்தியார்.

"பல்புக்கு ஜோடி கிடையாதே சாமி. நாதியில்லாததை எல்லாம் அக்கா ஜன்னல்கிட்ட வெச்சிருக்கு, வெளிச்சமாவது இருக்கட்டும்னு. வாத்தியாருக்கு இதுகூடவா தெரியாது?"

நாற்பத்து இரண்டு பேரும் கை தட்டினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. அக்கா கண்ணைத் திறந்தார். அவ்வளவு நிமிர்ந்து அவர் நின்று யாரும் பார்த்ததில்லை.

"நாங்க ஒண்ணு கேக்கலாமா வாத்தியாரே?" என்றார் ஃபிட்டர் பணிவாக. "ரெஞ்ச் குடும்பத்துலயே ஒண்ணு. ப்ளெஞ்ச்னா என்ன?"

வாத்தியார் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். நாற்பத்து மூன்று பேரும் ஆர்வமாக ஓரடி முன்னால் வந்தார்கள். வாத்தியார் ஓரடி பின்னால் போனார்.

"அதான் சார், அதேதான்!" என்றார் ஃபிட்டர் குதித்துக்கொண்டு. "பயந்து பின்வாங்கறது!"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. மேடம் தொண்டையைச் செருமினார்.

"சரி வாத்தியாரே, முடிவைச் சொல்லுங்க. சாவி யார்கிட்ட இருக்கணும்?"

வாத்தியார் மூன்று பேனாக்களையும் பையிலிருந்து எடுத்து, மனைவியின் கையில் வைத்தார்.

"அவகிட்டயே இருக்கட்டும் மேடம். நடக்காதுன்னேன், நடந்துருக்கு. நாற்பத்து மூணு பேரும் பாஸ். ஃபெயிலானது நான் ஒருத்தன்தான்."