மூவரில் இருவர் சொன்ன ஏரி

உலகத்தின் பரம ஏழை நாடுகள் இனிமேல் ஏழையாக இருக்கப்போவதில்லை. அதற்கான வேலை திருவொற்றியூரில், ஒரு பஞ்சர் கடையின் மாடியில், திங்கள் முதல் சனி வரை மும்முரமாக நடந்துவருகிறது. அந்த மாடிக்குத் 'தர மேற்பார்வையாளர்' அடியேன்தான் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தொழில் மிக நவீனமானது. எங்கோ ஒரு பணக்கார நாட்டுக் கம்பெனி வானத்திலிருந்து பூமியைப் படம் பிடித்து அனுப்பும். எங்கள் பெண்கள் ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போட்டு, வீடு, சாலை, ஏரி, குப்பைமேடு என்று பெயர் எழுதுவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து அங்கே ஓர் இயந்திரம் அறிவாளியாகிவிடும். எங்கள் பெண்கள் பழையபடியே இருப்பார்கள். இதற்கு 'டிஜிட்டல் ஏற்றுமதி' என்று பெயர்.

ஒரே படம் மூன்று பேருக்குப் போகும். இங்கே ஒருவர், ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் ஒருவர், மடகாஸ்கரில் ஒருவர். மூவரில் இருவர் சொன்னதே உண்மை. தனித்து நின்றவருக்கு மதிப்பெண் குறையும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் கணினியைத் திறக்கும் ஐ.டி. முடங்கி, வேலை போய்விடும்.

சடையங்குப்பத்து மகிமாவின் மதிப்பெண் சரியாகத் தொண்ணூறு. முன்பு காசிமேட்டில் ஐஸுக்குள் கையை விட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தவள். இங்கே வந்த பிறகுதான் அவள் விரல்களில் நகம் ஒழுங்காக வளர ஆரம்பித்தது. ஐ.டி. போனால் மறுபடியும் ஐஸ்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு வந்த படத்தை மற்ற இருவரும் 'ஏரி' என்று எழுதிவிட்டிருந்தார்கள். இவள் 'வீடு' என்று எழுதினாள். திரை சிவந்தது, என்னைக் கூப்பிட்டார்கள்.

“சார், இது ஏரி இல்ல, எங்க தெரு. மழ பெஞ்சா நாலு நாள் தண்ணி நிக்கும், அப்பால வடிஞ்சிரும். அந்த நீலத் தார்ப்பா கீது பாரு, அத்த நான்தான் கூரை மேல ஏறிக் கட்னேன்.”

நான் விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். படத்தில் இருப்பதை மட்டுமே பார்க்க வேண்டும், சொந்த அனுபவத்தைக் கலக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. அந்த வீட்டில் பதினோரு வருடமாகக் குடியிருப்பது கலப்படம் என்று அன்போடு விளக்கினேன். மையத் தலைவர் பக்தவச்சலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, நல்ல ஏரி, மீன் கிடைக்குமா என்று கேட்டார். மலாவிக்காரர் சென்னையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, ஆகவே அவர்தான் நடுநிலையாளர் என்றும் தீர்ப்பளித்தார்.

மகிமா தன் விரல் நகங்களை ஒரு முறை பார்த்தாள். பிறகு 'வீடு' என்பதை அழித்துவிட்டு 'ஏரி' என்று எழுதினாள். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் மதிப்பெண் தொண்ணூற்றொன்று ஆனதால் கைதட்டினேன். எல்லோரும் தட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவள் கதவில் யாரோ ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். நீர்நிலையை ஆக்கிரமித்துக் கட்டிய வீடு, பதினைந்து நாளில் காலி செய்யவும். கூடவே, அந்தக் கம்பெனியின் இயந்திரம் தயாரித்து அரசுக்கு விற்ற வரைபடம். அதன் அடியில், 'மூன்று நாட்டு நிபுணர்கள் ஒருமனதாக உறுதிசெய்தது' என்று அச்சாகியிருந்தது.

“அந்த மூணு நிபுணர்ல ஒருத்தி நானா சார்?”

ஆமாம் என்று சொல்லி வாழ்த்தினேன். அவள் சிரிக்கவில்லை.

“அந்த மலாவிக்காரன் எங்க வூட்ட இன்னாத்துக்கு சார் ஏரின்னான்? நான் அவன இன்னா பண்ணேன்?”

பழைய கோப்பைத் திறந்து காட்டினேன். மலாவியில் எடுத்த படம், நெருக்கமாகத் தகரக் கூரைகள். மகிமாவும் மடகாஸ்கர்க்காரரும் அதைக் 'குப்பைமேடு' என்று எழுதியிருந்தார்கள். மலாவிக்காரர் ஒருவர் மட்டும் 'வீடு' என்று எழுதி, மதிப்பெண் இழந்து, பிறகு அவரும் 'குப்பைமேடு' என்று திருத்தியிருந்தார்.

மகிமா திரையில் அந்தக் கூரைகளை விரலால் தொட்டாள். “தகரந்தான் சார் தெரிஞ்சிது” என்றாள். பிறகு, அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டாள். நான் கோப்பை மூடினேன்.

ஆண்டறிக்கையில் இதை 'இருதரப்பு வர்த்தகம்' என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறேன். முன்பெல்லாம் ஏழை வீட்டை இடிக்க யாராவது பணக்காரன் மெனக்கெட்டு வர வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமம் இல்லை. ஒருவர் வீட்டை ஒருவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே, பிழையில்லாமல் இடித்துக்கொள்ளும்படி ஏழைகளைப் பழக்கிவிட்டோம். பிழையில்லை என்று சரிபார்த்து, கீழே கையெழுத்துப் போட்டிருப்பவன் நான்.