மாமிக்கு நான் வைத்த சூப்

எங்கள் கரையோர ஊர்களில் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். வந்த நாளிலிருந்து அவருக்கு அங்கே ராஜ மரியாதை. கோழி அறுத்தால் தொடை அவருக்கு, மீன் வாங்கினால் நடுத்துண்டு அவருக்கு. இப்படிப் பல வருடம் உபசரிக்கப்பட்ட ஓர் ஆண், தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பத் தொடங்குவதில் ஆச்சரியமில்லை. நானும் நம்பினேன். அதனால் ஒரு மனுஷி சாகப் பார்த்தார்.

அந்த மனுஷி என் மனைவி றிஸ்மியாவின் உம்மா. எனக்கு மாமி.

மாமி என்னோடு நேரே கதைத்ததில்லை. கோபம் ஒன்றும் இல்லை, மரியாதைதான். (மார்க்கத்தில் அப்படி ஒரு சட்டமே கிடையாது என்று பள்ளிவாசல் மௌலவி வீட்டுக்கு வந்தபோது சொன்னார். மாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.) கல்முனையில் எங்கள் வீட்டின் முன்பக்கம் எனக்கும் றிஸ்மியாவுக்கும், பின்னறை மாமாவுக்கும் மாமிக்கும். நடுவில் பச்சைப் பூப்போட்ட ஒரு சீலைத் திரை. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போதே மாமி அந்தப் பக்கமிருந்து மகளிடம், “அவருக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு புள்ள” என்பார். நானும் மனைவியைப் பார்த்து, “ஓம் எண்டு சொல்லு” என்பேன். றிஸ்மியா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அவள் வீட்டில் இல்லாத நேரங்களில் மாமி தேத்தண்ணியைத் திரையோரம் முக்காலியில் வைத்து, கரண்டியால் கோப்பையில் ஒரு தட்டுத் தட்டுவார். நான் எடுத்துக் குடித்துவிட்டு வெறும் கோப்பையை வைத்து ஒரு தட்டுத் தட்டுவேன். கல்யாணம் முடித்துப் பதினொரு வருடம் இந்தத் தட்டிலேயே ஓடிப்போயிற்று.

மாமாவைச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கொண்டுபோனது. முதலில் கால்விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே, கடைசியில் ஆளே இல்லை. மாமாவின் மையத்தை மண்ணில் அடக்கிவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது மாமி வெள்ளை உடுத்துப் பின்னறைக்குள் இத்தா இருக்கத் தொடங்கியிருந்தார். புருஷன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்காமல் இருக்கும் இருப்பு அது. மாமிக்கும் சீனி வருத்தம் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களோ வெறுங்கையோடு வரவில்லை. எருமைத் தயிரும் சர்க்கரையும் வந்தன, தித்திக்கும் வட்டிலப்பம் வந்தது, சகன் என்ற பெரிய தட்டில் சோறு வந்தது. மாமி அழுதார், வந்தவர்களின் மனம் நோகக் கூடாது என்று தின்றார், மறுபடி அழுதார். ஒருநாள் விரலில் குத்திப் பார்த்தபோது மெசின் முந்நூறைத் தாண்டிக் காட்டியது.

றிஸ்மியா குசினி வாசலில் நின்று அழுதாள்.

“வாப்பாவக் குடுத்திட்டன். உம்மாவையும் இப்பிடித் துண்டு துண்டாக் குடுக்க எனக்கேலா, இஞ்சாருங்க.”

“அழாத புள்ள. நான் பாத்துக்கிறன்” என்றேன்.

(இந்த ‘நான் பாத்துக்கிறன்’ என்ற சொல்லை நான் இன்றைக்குச் சொன்னாலும் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.)

எனக்குத் தகுதி இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கு முதல் கட்டாரில் பெரிய ஹோட்டல் ஒன்றில் வேலை செய்தவன் நான். வேலை களஞ்சியத்தில். கோவா (முட்டைக்கோசு) வந்து இறங்கினால் எண்ணி உள்ளே எடுப்பேன். அந்தக் கோவா பிறகு என்னவாகிறது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. ஊரில் யாரும் இதை விளக்கமாகக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றைக்கே போனில் ஒரு வீடியோ பிடித்தேன். மாச்சத்துக் குறைந்த, வயிறு நிறையும் கோழி மரக்கறி சூப். சோறு வேண்டாம், பாண் வேண்டாம், இந்தச் சூப் ஒன்றே போதும், சீனி தானாக இறங்கும் என்று ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார். பல் எல்லாம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அந்தப் பல்லை நம்பித்தான் நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

வரிப்பத்தான்சேனையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் சொல்லி ஊர்க்கோழி ஒன்று எடுப்பித்தேன். அது நன்றாக வாழ்ந்து அனுபவித்த கோழி. குக்கர் விசில் அடித்து அடித்துக் களைத்துப் போனது, கோழி களைக்கவில்லை. சந்தையில் கோவா, லீக்ஸ், போஞ்சி, பீர்க்கங்காய் எல்லாம் வாங்கி வந்து வெட்டிப் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சீனிக்குப் பாகற்காய் நல்லது, வெந்தயம் நல்லது என்று ஊருக்கே தெரியும்போது அந்த வெள்ளைப் பல்காரருக்கு மட்டும் தெரியாமல் போனதே என்று பரிதாபப்பட்டு, இரண்டையும் கை நிறைய அள்ளிப் போட்டேன். முருங்கை இலையும் உருவிப் போட்டேன். அடிப்பிடித்துவிடக் கூடாது என்று விடாமல் கிண்டியதில் மரக்கறி எல்லாம் கரைந்து, மாரி மழைக்கு நாவிதன்வெளி வயல்களில் நிற்கும் தண்ணீரின் நிறத்துக்கு வந்தது. கோழி மட்டும் நடுவில் அப்படியே நின்றது.

ஒரு கரண்டி ருசி பார்த்தேன். இது மருந்து, மருந்து இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (பிறகு சந்திக் கடையில் போய் மாட்டிறைச்சியும் சோறும் தின்றேன். எனக்குத்தான் சீனி இல்லையே.)

மூன்று நேரமும் மாமிக்குச் சூப், வேறொன்றும் கிடையாது என்று சட்டம் போட்டேன். வீட்டில் இருந்த சீனி, சர்க்கரை, பிஸ்கற், ஜாம், பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு, பக்கத்து வீட்டு மஸாஹிரா ராத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“எல்லாத்தையுமா தம்பி? ஒரு மிடறு சீனித் தேத்தண்ணிக்குமா இல்ல?” என்று ராத்தா கேட்டார்.

“எங்கட வீட்டுக்கு இனிச் சீனி வேணாம் ராத்தா” என்றேன். ஜிஹாதுக்குப் புறப்பட்டவன்கூட அவ்வளவு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்க மாட்டான்.

சூப்பைத் திரையோரம் வைத்து ஒரு தட்டு. கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்து ஒரு தட்டு. ஒரு சொட்டு மிச்சமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“உம்மா என்ன சொன்னா?” என்று றிஸ்மியாவிடம் கேட்டேன்.

“மருமகன் கைப்பட ஆக்கினதாம். எப்பிடி வேணாமெண்டு சொல்ற எண்டு கேட்டா.”

இதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றுதான் மனதை அறுத்தது. சூப்பை வைத்துவிட்டு வந்த சற்று நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் மாமி விசும்பி விசும்பி அழுவது கேட்கும். காலை, பகல், இரவு மூன்று நேரமும். மாமாவோடு சேர்ந்திருந்து சாப்பிட்ட நேரங்கள் அல்லவா என்று நானும் றிஸ்மியாவும் இந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வோம். அந்த நாட்களில் வீட்டில் வேறு சத்தமே இருக்கவில்லை. பெரிய மனிதர் ஒருவர் போன வீடு எவ்வளவு இருட்டாகிவிடுகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மெசின் நல்ல கணக்குக் காட்டியது. முந்நூறு இருநூறாகி, அதற்கும் கீழே வந்தது. வென்றவன் எதற்கு மறுபடி மறுபடி குத்திப் பார்க்க வேண்டும் என்று மெசினை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். சீனி வருத்தத்துக்கான குளிசையை மட்டும் நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னேன். மூன்று நேரமும் சோறு தின்ற மனுஷிக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த குளிசை அது. சோறு போன பிறகு அந்தக் குளிசை உடம்புக்குள் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. வெள்ளைப் பல்காரரும் சொல்லவில்லை.

“உம்மாக்கு மேலெல்லாம் நடுங்குதாம். கண் இருட்டுதாம்” என்றாள் றிஸ்மியா.

“உடம்பு பழகுது புள்ள. வீடியோவில அப்பிடித்தான் சொன்ன.”

அடுத்த நாள் றிஸ்மியா பள்ளிக்கூடம் போன பிறகு, முற்பகலில் சூப்பைக் கொண்டுபோய் வைத்துத் தட்டினேன். மறுதட்டு வரவில்லை. காலையில் வைத்த கோப்பையும் அப்படியே இருந்தது. இன்னொரு தட்டு. ஒன்றுமில்லை. “மாமி” என்று கூப்பிட்டேன். பதினொரு வருடத்தில் நான் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

உள்ளே ஒரு முனகல் கேட்டது. நான் திரையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தூக்கவில்லை. உள்ளே ஒரு மனுஷி கிடக்கிறார், வெளியே நான் மரியாதையோடு நிற்கிறேன். கடைசியில் திரையை விட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். (செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

“ராத்தா, மாமி முனகிறா. ஒருக்கா வந்து உள்ள பாருங்க.”

“நீங்க பாக்கல்லயா?”

“நான் எப்பிடி ராத்தா...”

“யா அல்லாஹ்! பெத்த புள்ள மாதிரி மருமகன், உனக்கு என்னடா திரை?” என்று என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினார் ராத்தா. நானும் பின்னால் போய்த் திரையைத் தாண்டினேன்.

மாமி பாயில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். வெள்ளை உடுப்பு வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். பார்வை என்னில் நிற்கவில்லை.

“வந்திட்டீங்களா?” என்றார் மெல்ல. “இரிங்க, சோறு போடுறன். எனக்கும் பசிக்கிது.”

அவர் கதைத்தது என்னோடு அல்ல, மாமாவோடு. எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. இத்தனை நாளும் பசித்துக் கிடந்திருக்கிறார். அதைச் சொல்வதற்கு அவருக்கு மௌத்தான ஒருவரைத் தவிர வேறு ஆள் இருக்கவில்லை.

“சீனி இறங்கிட்டுடா! சீனி கொண்டா, கெதியா!” என்று ராத்தா கத்தினார்.

குசினிக்கு ஓடினேன். உப்பு இருந்தது, மிளகு இருந்தது, வெந்தயம் ஒரு போத்தல் நிறைய இருந்தது. “ராத்தா, சீனி உங்கட வீட்டதான் இரிக்கி!” என்று அங்கிருந்தே அலறினேன். ராத்தா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஓடிப்போய் எடுத்து வந்தார். நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். ராத்தா சீனியை விரலில் தொட்டுத் தொட்டு மாமியின் கன்னத்துக்கு உள்ளே தேய்த்தார்.

ஓட்டோ வந்தபோது, இத்தாவில் இருக்கிறவரை எப்படி வெளியே கொண்டுபோவது என்று மறுபடி தயங்கியவனும் நான்தான். “உசிரவிடப் பெரிசா இத்தா? ஏத்துடா!” என்றார் ராத்தா. ஓட்டோவின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கட்டில் விரிப்பைக் கட்டினோம். உள்ளே வெள்ளை உடுத்துச் சாய்ந்த மாமி, பக்கத்தில் சத்தமாக ஓதிக்கொண்டு ராத்தா, முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் தேம்பி அழுதுகொண்டு நான். தெரு வாய் பார்த்து நின்றது. தெரு என்ன நினைத்திருக்கும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிவிட்டு டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“என்ன சாப்பிட்டவங்க?”

“சூப், டொக்டர்.”

“அதோட?”

“சூப்தான்.”

“குளிசை?”

“எல்லாம் நேரத்துக்கு, டொக்டர்.” இதை மட்டும் கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “சோத்தை நிப்பாட்டினா குளிசையை என்ன செய்யிறது எண்டு எங்களிட்டக் கேக்க வேணாமா? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நீங்க இங்க வந்திருக்கத் தேவையில்ல.”

பகல் தாண்டி மாமி கண்ணைத் திறந்தார். அப்போதுதான் றிஸ்மியாவுக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். வாசலில், மௌத்து வீடுகளுக்கு இறக்கும் பள்ளிவாசலின் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தனவாம். தெரு ஓட்டோவைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்து, நல்ல மனதோடு கதிரைகளையும் இறக்கிவிட்டிருந்தது. ஆட்கள்கூட வந்து உட்கார்ந்திருந்தார்களாம்.

வார்ட்டுக்குள் ஓடி வந்த றிஸ்மியா, கட்டிலில் சாய்ந்திருந்த உம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொப்பிகள் நிறைந்த பள்ளிக்கூடப் பையால் என் தோளில் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள்.

“புள்ள, மருமகனுக்கு அடிக்காத” என்றார் மாமி. பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார். எங்கள் நடுவில் திரையும் இல்லை, கோப்பையும் இல்லை.

“மருமகன்.”

“ஓம் மாமி.”

“மூணு நேரமும் நான் அழுததெல்லாம் மாமாக்கு எண்டா நெனச்சீங்க?”

“ஓம் மாமி.”

“பாதி மாமாக்கு. பாதி உங்கட சூப்புக்கு.”

பக்கத்துக் கட்டில்காரிதான் முதலில் சிரித்தார். பிறகு தாதி. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என் மனைவி. மாமி சிரிக்கவில்லை. “ஒரு புடி சோறு கொண்டு வாங்க” என்றார் என்னிடம் நேரே. அவர் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. நான் ஓடினேன்.

அதன் பிறகு அந்தப் பச்சைத் திரை போடப்படவில்லை. டொக்டர் குளிசையை மாற்றினார், சோற்றுக்கு ஓர் அளவு சொன்னார். மாமி அந்த அளவைத் தாண்டவும் இல்லை, என்னைக் குசினிக்குள் விடவும் இல்லை. கதிரை ஏற்றி இறக்கும் ஆள் என்னைக் கண்ட இடமெல்லாம், “சூப் வைக்கிறதெண்டா முன்கூட்டிச் சொல்லுங்க தம்பி, கதிரை கழுவி வைக்கணும்” என்பார். வீட்டில் யார் எதற்குக் கண்கலங்கினாலும் மற்றவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பாதி எதுக்கு?

போன மாரியில் மாமி மௌத்தானார். நெஞ்சு வலி, நீண்ட நேரம் கஷ்டப்படவில்லை. குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்த றிஸ்மியா, “உம்மா முழுசாப் போறா” என்று மட்டும் சொன்னாள். இரண்டு காலும் பத்து விரலும் அப்படியே இருந்தன.

நான் பின்னறையில், முன்பு திரை தொங்கிய கம்பிக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வாசலில் கதிரைகள் இறங்கும் சத்தம் கேட்டது. றிஸ்மியா வந்து பக்கத்தில் நின்றாள். அவள் முகமும் வீங்கியிருந்தது.

“எல்லாம் உம்மாக்கா? பாதி சூப்புக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல புள்ள” என்றேன். “இந்தத் தரம் முழுக்க மாமிக்குத்தான்.”